வேர் யாரை உள்ளே விடுகிறது? பயறுச் செடியும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும்

தட்டைப்பயறோ உளுந்தோ, பூக்கத் தொடங்கிய ஒரு செடியை வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்தெடுத்துத் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். வேரில் அங்கங்கே சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கும். சில கடுகளவு, சில மிளகளவு. முதல் முறை பார்க்கிறவருக்குச் செடிக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்றுதான் தோன்றும். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் மார்ச்செல்லோ மால்பீகி இவற்றைப் படமாக வரைந்தபோது, அவரும் இவற்றைக் கழலை என்றே எண்ணினார்.

இன்று இவற்றை வேர்முடிச்சு என்கிறோம். காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடம் இது என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் மால்பீகி எண்ணியதும் முழுத் தவறில்லை. ஒரு பாக்டீரியா வேரைத் துளைத்து, செல்லுக்குள் புகுந்து, கணக்கில்லாமல் பெருகினால்தான் முடிச்சு உண்டாகிறது. வேறு எந்தச் செடியில் இது நடந்தாலும் தொற்று என்றுதான் சொல்வோம். பயறுச் செடி அந்தத் தொற்றைத் தானே வரவழைத்து, அளவு வைத்து அனுமதிக்கிறது. அதே வேரில், அதே நாட்களில், ஒரு வகைப் பூஞ்சைக்கும் இடம் கொடுக்கிறது. கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் வேறு பூஞ்சைகளை விரட்டவும் செய்கிறது. கண்ணும் மூளையும் இல்லாத வேருக்கு ஆள் அடையாளம் எப்படித் தெரிகிறது என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர் என்று நினைக்கிறேன். முடிச்சு நைட்ரஜன் தருகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக்கு மேல் விட்டுப்போகும்.

காற்றில் நிறைய இருக்கிறது, ஆனால் எட்டாது

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். புரதம், பச்சையம், டி.என்.ஏ. எதைச் செய்யவும் செடிக்கு நைட்ரஜன் வேண்டும். இருந்தும் காற்றிலிருந்து அதை நேராக எடுத்துக்கொள்ள எந்தச் செடியாலும் முடிவதில்லை. காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. அதைப் பிரிப்பது லேசான காரியமில்லை. உரத் தொழிற்சாலைகளில் ஹேபர்–பாஷ் முறையில் இதைச் செய்யும்போது வெப்பம் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ், அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல். சில பாக்டீரியாக்கள் இதையே மண்ணில் இருக்கும் சூட்டிலேயே செய்துவிடுகின்றன. அவற்றிடம் நைட்ரஜனேஸ் என்ற நொதி இருக்கிறது.

பயறுச் செடிக்கும் இந்தப் பாக்டீரியாவுக்கும் உள்ள தொடர்பை 1886இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் ஹெல்ரீகல், ஹெர்மன் வில்ஃபார்த் இருவரும் வெளிப்படுத்தினார்கள். சத்தில்லாத மணலில் ஓட்ஸையும் பட்டாணியையும் வளர்த்தார்கள். ஓட்ஸுக்கு எவ்வளவு நைட்ரேட் கொடுத்தார்களோ அந்த அளவுக்குத்தான் வளர்ந்தது. பட்டாணி அப்படி ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. நைட்ரேட் கொடுக்காத தொட்டிகளிலும் சில செடிகள் தழைத்தன, சில வாடின. தழைத்தவற்றில் வேர்முடிச்சு இருந்தது. தோட்டத்து மண்ணைக் கரைத்த தண்ணீரை ஊற்றினால் பட்டாணி தேறிக்கொண்டது. அதே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் பலனில்லை. அந்தத் தண்ணீரில் உயிருள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்பது உறுதியானது. 1888இல் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெயரிங்க் முடிச்சுக்குள்ளிருந்து அந்தப் பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். ரைசோபியம் என்று பொதுவாகச் சொல்லப்படும் கூட்டம் இதுதான்.

முதலில் பேச்சு, பிறகு நுழைவு

மண்ணில் நைட்ரஜன் குறைவாக இருக்கும்போது, பயறுச் செடியின் வேர் ஃபிளேவனாய்டு என்ற வகைச் சேர்மங்களைக் கசியவிடுகிறது. சோயாவின் வேரிலிருந்து ஜெனிஸ்டீன், டைட்சீன் ஆகியவை வரும். குதிரைமசால் வேரிலிருந்து லூட்டியோலின் வரும். பக்கத்தில் இருக்கும் ரைசோபியத்துக்கு இது ஓர் அழைப்பு. அழைப்பு தனக்குரியதாக இருந்தால், பாக்டீரியாவுக்குள் ஒரு மரபணுத் தொகுதி விழித்துக்கொள்ளும். அது பதிலுக்கு ஒரு மூலக்கூறைச் செய்து வெளியே அனுப்பும். இதற்கு நாட் காரணி என்று பெயர்.

இந்த நாட் காரணியின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நான்கைந்து சர்க்கரை அலகுகள் கோத்த ஒரு சின்னச் சங்கிலி. அதன் ஒரு முனையில் ஒரு கொழுப்பு வால். அந்தச் சர்க்கரைச் சங்கிலி கைட்டின் என்ற பொருளின் துண்டு. பூஞ்சையின் செல்சுவரும் பூச்சியின் மேலோடும் இதே கைட்டினால் ஆனவை. ஒவ்வொரு ரைசோபிய வகையும் இந்தச் சங்கிலியில் தனக்கென்று சில சின்ன அலங்காரங்களைச் சேர்த்திருக்கும். அதை வைத்துத்தான் செடி தன் கூட்டாளியை இனம் காண்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராம் அளவு இருந்தாலே வேருக்குப் போதும், கண்டுகொள்ளும்.

கண்டுகொண்ட பிறகு நடப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கண்ணை எடுக்கவே மனம் வராது. வேரின் மேல்புறத்தில் மயிரிழை போல நீண்டிருக்கும் வேர்த்தூவி ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்தான். நாட் காரணி பட்ட சில நிமிடங்களில் அந்தச் செல்லின் உட்கருவைச் சுற்றிக் கால்சியத்தின் அளவு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சீரான துடிப்பாகவே அது தொடரும். அப்புறம் தூவியின் நுனி வளையத் தொடங்கும். வளைந்து, கொக்கியாகி, ஒட்டியிருந்த ஓரிரு பாக்டீரியாக்களைத் தன் மடிப்புக்குள் சிறைபிடித்துவிடும். மடிப்புக்குள் அவை பெருகும். அந்த இடத்தில் செல்சுவர் கரைய, செல்லின் சவ்வு உள்நோக்கிக் குழிந்து ஒரு குழாயாக நீளும். தொற்று இழை என்பார்கள் இதை. பாக்டீரியாக்கள் இந்தக் குழாய்க்குள் வரிசை கட்டி, பெருகியபடியே வேரின் உட்பகுதியை நோக்கி நகரும். அதே நேரத்தில், அவை இன்னும் வந்து சேராத உள்செல்கள் முன்கூட்டியே பிரியத் தொடங்கியிருக்கும். முடிச்சின் கரு அங்கே தயாராகிக்கொண்டிருக்கும்.

குழாய் போய்ச் சேர்ந்ததும் பாக்டீரியாக்கள் செல்லுக்குள் விடப்படும். அப்போதும் வெறுமனே விடப்படுவதில்லை. ஒவ்வொன்றையும் செடியின் சவ்வு ஒன்று சுற்றிப் போர்த்தியிருக்கும். உள்ளே விட்ட பிறகும் செடிக்கும் விருந்தாளிக்கும் நடுவே செடியின் கட்டுப்பாட்டில் ஒரு திரை இருக்கிறது. எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று தீர்மானிப்பது அந்தத் திரைதான்.

வழியிலும் சோதனை உண்டு. நாட் காரணி சரியாக இருந்தால் மட்டும் போதாது. பாக்டீரியாவின் மேல்பூச்சில் இருக்கும் சர்க்கரைகளையும் வேர் தடவிப் பார்க்கிறது. லோட்டஸ் ஜபோனிகஸ் என்ற ஆய்வுச் செடியில் (தாமரை அல்ல, பயறுக் குடும்பத்துச் செடிதான்), இதற்கென்றே தனியாக ஓர் உணர்வி இருப்பது 2015இல் தெரியவந்தது. பூச்சு சரியில்லை என்றால் தொற்று இழை பாதியிலேயே நின்றுவிடும்.

எல்லாப் பயறுகளும் இந்த வழியைப் பின்பற்றுவதில்லை. நிலக்கடலையில் தொற்று இழையே கிடையாது. பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடத்தில் உண்டாகும் சின்ன விரிசல் வழியாகப் பாக்டீரியா நுழைந்துவிடும். பசுந்தாள் உரத்துக்குப் பயன்படும் செஸ்பேனியா ராஸ்ட்ரேட்டா என்ற செடிக்கோ தண்டிலும் முடிச்சு வரும். யாருக்கு யார் பொருந்துவார் என்பதும் செடிக்குச் செடி மாறும். கொண்டைக்கடலை தனக்கான மீசோரைசோபியம் இல்லாத மண்ணில் முடிச்சே போடாது. சோயாவுக்குப் பிராடிரைசோபியத்தில் குறிப்பிட்ட வகைகள் வேண்டும். தட்டைப்பயறு அவ்வளவு கறாராக இருப்பதில்லை, பலவகைப் பிராடிரைசோபியங்களோடும் கூடிக்கொள்ளும். விதையில் கலக்க விற்கும் ரைசோபியம் பாக்கெட்டில் எந்தப் பயிருக்கு என்று அச்சிட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். ஒன்றை வாங்கி இன்னொன்றுக்குப் போட்டால் பலநேரம் வேலை செய்யாது.

முடிச்சை நகத்தால் பிளந்தால்

அலசி எடுத்த வேரிலிருந்து ஒரு முடிச்சைக் கிள்ளி, நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிற முடிச்சு. வெள்ளையாக இருந்தால் இன்னும் இளசு, அல்லது உள்ளே இருக்கும் பாக்டீரியா நைட்ரஜனைப் பிடித்து மாற்றத் தெரியாத ரகம். பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. காய் முற்றும் பருவத்தில் பெரும்பாலான முடிச்சுகள் இப்படித்தான் இருக்கும்.

அந்தச் சிவப்பு நம் ரத்தத்தின் சிவப்புக்கு உறவு. லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம், நம் ஹீமோகுளோபினைப் போலவே இரும்பை வைத்து ஆக்ஸிஜனைப் பிடிக்கும். இது ஏன் தேவைப்படுகிறது என்றால், நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்ஸிஜன் ஆகவே ஆகாது, பட்டால் கெட்டுப்போகும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்கவே, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகும், அவ்வளவு ஆற்றலை மூச்சுவிடாமல் உண்டாக்க முடியாது. லெக்ஹீமோகுளோபின் இரண்டு பக்கத்தையும் சமாளிக்கிறது. ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, பாக்டீரியாவுக்கு வேண்டிய அளவு ஓட்டம் குறையாமலும், நொதியைக் கெடுக்கும் அளவுக்குத் தனி ஆக்ஸிஜன் தேங்காமலும் பார்த்துக்கொள்கிறது.

நைட்ரஜனேஸின் மையத்தில் ஏழு இரும்பு அணுக்களோடு ஒரே ஒரு மாலிப்டினம் அணுவும் இருக்கிறது. அமில மண்ணில் மாலிப்டினம் செடிக்குக் கிடைப்பது குறைவு. முடிச்சு நிறைய இருந்தும் செடி வெளிறிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேரில் உருண்டையாக இருப்பதெல்லாம் நல்ல முடிச்சு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேர்முடிச்சு நூற்புழு தாக்கினாலும் வேர் வீங்கும். பெயரிலேயே முடிச்சு இருப்பதால் பலர் குழம்பிப்போகிறார்கள். வித்தியாசம் எளிது. ரைசோபிய முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்; விரலால் தள்ளினால் கழன்று வந்துவிடும், வேர் அப்படியே இருக்கும். நூற்புழுவின் வீக்கமோ வேரே பருத்ததால் வந்தது. அதைக் கழற்ற முடியாது, வேர்தான் அறும்.

விருந்தாளிக்கும் கணக்கு உண்டு

செடிக்கு இது இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒளிச்சேர்க்கையில் செய்த சர்க்கரையில் கணிசமான பங்கை முடிச்சுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அதனால் எத்தனை முடிச்சு வேண்டும் என்பதைச் செடி கவனமாக எண்ணி வைத்துக்கொள்கிறது. முதல் முடிச்சுகள் உருவானதும் வேரிலிருந்து சின்னப் புரதத் துண்டுகள் தண்டு வழியே இலைக்குப் போகும். இலையிலிருக்கும் உணர்வி அதைப் படித்துவிட்டு, போதும் என்று வேருக்குப் பதில் அனுப்பும். மரபணு மாறி இந்த உணர்வி கெட்டுப்போன திரிபுச் செடிகளில் வேர் முழுக்க முடிச்சாகக் காய்த்துத் தொங்கும். அவை செழிப்பாக இருக்கும் என்று நினைத்தால் தப்பு, குட்டையாகத்தான் நிற்கும். மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தாலும் செடி முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்ளும். கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதற்குச் சர்க்கரை செலவழிப்பானேன்?

உள்ளே வந்த பாக்டீரியா வேலை செய்யாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால்? 2003இல் டோபி கியர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் சோயாவில் இதைச் சோதித்தார்கள். சில முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். பாக்டீரியா நல்லதுதான், ஆனால் பிடிக்க நைட்ரஜன் இல்லை. செடியின் கணக்கில் அது சோம்பேறி. செடி அந்த முடிச்சுகளுக்கு ஆக்ஸிஜன் வரத்தைக் குறைத்தது. அவற்றில் பாக்டீரியா பெருகியது ஏறக்குறைய பாதிதான்.

பட்டாணி, குதிரைமசால் போன்றவை இன்னும் ஒரு படி மேலே போகின்றன. இவை முடிச்சுக்குள் என்.சி.ஆர். எனப்படும் சின்னப் புரதங்களைப் பாக்டீரியாவின் மேல் பொழிகின்றன. மெடிக்காகோ ட்ரங்கட்டுலா என்ற ஆய்வுச் செடியில் மட்டும் இதற்கு 700 அளவில் மரபணுக்கள் இருக்கின்றன. இந்தப் புரதங்கள் பட்ட பாக்டீரியா பலமடங்கு நீளும், அதன் டி.என்.ஏ. பல பிரதிகளாகும், நைட்ரஜனை மும்முரமாகப் பிடிக்கும். ஆனால் இனி ஒருபோதும் பிரிந்து பெருகாது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இவை நோய்க்கிருமியைக் கொல்லச் செடிகள் பயன்படுத்தும் டிஃபென்சின் என்ற புரதங்களின் சாயலில் அமைந்தவை. எதிரிக்கு எதிராகப் பிடிக்கும் ஆயுதத்தின் வடிவத்தையே நண்பனை அடக்கவும் செடி எடுத்துக்கொண்டிருக்கிறது. சோயாவும் பீன்ஸும் இப்படிச் செய்வதில்லை. அவற்றின் முடிச்சு அழுகியதும் உள்ளிருந்த பாக்டீரியாக்கள் மண்ணுக்குத் திரும்பி வாழ்க்கையைத் தொடரும்.

பாக்டீரியாவுக்கு முன்பே வந்த பூஞ்சை

பயறுச் செடியின் வேரில் இன்னொரு கூட்டாளியும் இருக்கிறது, வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் பேசப்படுவது குறைவு. அது வேர் உட்பூசணம். மணிச்சத்து என்கிற பாஸ்பரஸ் மண்ணில் நகர்வதே அரிது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அந்த வட்டம் வறண்டுபோகும். பூஞ்சையின் இழைகளோ வேர்த்தூவியை விட மெல்லியவை. அவை அந்த வறண்ட வட்டத்தைத் தாண்டிப் போய், வேர் நுழைய முடியாத சந்துகளிலிருந்தும் பாஸ்பரஸைக் கொண்டுவரும். முடிச்சில் அவ்வளவு ஏ.டி.பி. செலவாகிறது என்று பார்த்தோம், ஏ.டி.பி. செய்யப் பாஸ்பரஸ் வேண்டும். அதனால் பூஞ்சை நன்றாக இருக்கும் வேரில் முடிச்சுகளும் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

இங்கேயும் முதலில் பேச்சுதான். வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற சேர்மத்தைக் கசியவிடும். அதை உணர்ந்த பூஞ்சை இழை கிளைகிளையாகப் பிரிந்து வேரைத் தேடும் என்பதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். வேருக்குள் போனதும் பூஞ்சை, செல்லுக்குள் ஒரு குட்டி மரம் போலக் கிளைத்து விரியும். பண்டமாற்று நடப்பது அங்கேதான். பாஸ்பரஸ் இந்தப் பக்கம் வரும். சர்க்கரையும் கொழுப்பும் அந்தப் பக்கம் போகும். இந்தப் பூஞ்சையால் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே அடியிலிருந்து செய்துகொள்ள முடியாது. செடிதான் கொடுக்கிறது என்பது 2017இல் உறுதியானது. அந்தக் குட்டி மரம் சில நாட்கள்தான் இருக்கும். பிறகு செடியே அதைக் கலைத்துவிடும்; வேறு செல்லில் புதிதாக ஒன்று முளைக்கும்.

இந்த உறவு மிகப் பழையது. நிலத்தில் வாழும் செடிகளில் பெரும்பான்மை இதை வைத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிப் படிமங்களின் செல்களுக்குள்ளும் அந்தக் குட்டி மர வடிவம் இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு உண்மையான வேர்கூடக் கிடையாது. வேர்முடிச்சு வந்தது அதற்கு வெகுகாலத்துக்குப் பின்னால்.

1989இல் பட்டாணியில் நடந்த ஓர் ஆய்வு இரண்டையும் இணைத்துக் காட்டியது. முடிச்சுப் போடாத சில திரிபுச் செடிகளைச் சோதித்தபோது, அவற்றில் பலவற்றால் உட்பூசணத்தையும் ஏற்க முடியவில்லை. ஒரே மரபணு கெட்டதில் இரண்டு உறவும் போயிருக்கிறது. பாக்டீரியாவை வரவேற்கப் பயறுச் செடி புதிதாக எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளவில்லை, பூஞ்சைக்காக ஏற்கெனவே இருந்த வழியை எடுத்து மாற்றிக்கொண்டது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. முன்னே சொன்ன கால்சியத் துடிப்பு பூஞ்சைக்கும் உண்டு. பூஞ்சை அனுப்பும் மூலக்கூறுகளில் சிலவும் நாட் காரணியைப் போலவே கொழுப்பு வால் வைத்த கைட்டின் துண்டுகள்தான்.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. லூப்பின் என்ற பயறு முடிச்சுப் போடும், ஆனால் உட்பூசணத்தைச் சேர்ப்பதில்லை. புளியமரமும் சரக்கொன்றையும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான், அவற்றின் வேரில் முடிச்சு வராது.

அழைப்பு எதிரிக்கும் கேட்கிறது

இப்போது எதிரிகளைப் பற்றிப் பேசலாம். நாட் காரணி கைட்டின் துண்டு என்று சொன்னேன். நோய் உண்டாக்கும் பூஞ்சையின் சுவரும் கைட்டின்தான். நண்பன், எதிரி இரண்டு பேர் மேலும் ஒரே பொருளின் வாசனை. செடி இதைச் சங்கிலியின் நீளத்தாலும் அலங்காரத்தாலும் பிரிக்கிறது. எட்டு அலகு அளவுக்கு நீண்ட, வால் இல்லாத துண்டு என்றால் வேரில் தற்காப்பு கிளம்பும். நான்கைந்து அலகும் கொழுப்பு வாலும் என்றால் வரவேற்பு. இதைப் படிக்கும் உணர்விகளும் ஒரே குடும்பம்தான். லோட்டஸ் செடியில் கைட்டினை எதிரியாகப் படிக்கும் உணர்வியையும் நாட் காரணியை நண்பனாகப் படிக்கும் உணர்வியையும் ஒப்பிட்டு, வெளிப்புறத்தில் சில சிறு பகுதிகள்தான் இந்த வித்தியாசத்தைத் தீர்மானிக்கின்றன என்று 2020இல் காட்டினார்கள். அந்தப் பகுதிகளை இடம் மாற்றினால் உணர்வியின் வேலையும் மாறியது.

ரைசோபியமும் தன் பங்குக்கு ஒதுங்கியே நடக்கிறது. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதத்தில் ஒரு துண்டைப் பல செடிகள் ஆபத்தின் அடையாளமாகப் பார்க்கும். ரைசோபியத்தில் அந்தத் துண்டின் வரிசை வேறாக இருப்பதால் அபாய மணி அடிப்பதில்லை. ஆனாலும் எப்போதும் தப்பிக்க முடியாது. சில சோயா ரகங்கள் சில பிராடிரைசோபியங்களை உள்ளேயே விடுவதில்லை. தேடிப் பார்த்ததில், தடுத்தது நோய் எதிர்ப்பு மரபணுக்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று என்று 2010இல் தெரிந்தது.

பொது இடத்தில் ஒருவரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கக் கூடாதவர் காதிலும் அது விழுமல்லவா, வேரின் நிலைமையும் அதுதான். சோயா ரைசோபியத்தை அழைக்கக் கசியவிடும் அதே ஜெனிஸ்டீனையும் டைட்சீனையும் மோப்பம் பிடித்து, ஃபைட்டோப்தோரா சோஜே என்ற வேரழுகல் கிருமியின் நீந்தும் வித்துகள் வேரைத் தேடி வந்துவிடும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் அவை நீந்த வசதி. தண்ணீர் தேங்கும் நிலத்தில் சோயாவில் வேரழுகல் கூடுவதற்கு இது ஒரு காரணம்.

பூஞ்சைக்கான அழைப்பின் கதையும் அப்படியே. ஸ்ட்ரிகோலாக்டோன் வகைச் சேர்மம் முதன்முதலில் 1966இல் அறிவியலுக்குத் தெரிந்தது பூஞ்சை மூலமாக அல்ல. ஸ்ட்ரைகா என்ற வேர் ஒட்டுண்ணிக் களையின் விதையை முளைக்க வைக்கும் பொருளாகத்தான். ஒட்டுண்ணியின் விதை மண்ணில் வருடக்கணக்காகத் தூங்கும். பக்கத்தில் உயிருள்ள வேர் இருக்கிறது என்று இந்தச் சேர்மத்தால் தெரிந்த பிறகே முளைத்து, அந்த வேரில் ஒட்டிக்கொள்ளும். தட்டைப்பயறைத் தாக்கும் ஸ்ட்ரைகா வகையும் உண்டு. மண்ணில் பாஸ்பரஸ் குறைந்தால் செடி பூஞ்சையை இன்னும் பலமாக அழைக்கும்; ஒட்டுண்ணிக்கும் அது கேட்கும். அழைக்காமல் இருந்துவிட்டால் பூஞ்சை வராது. இதற்கு நல்ல முடிவு எதுவும் செடியிடம் இல்லை.

ஃபியூசேரியம் வேறு மாதிரி வருகிறது. துவரையிலும் கொண்டைக்கடலையிலும் வாடல் நோய் உண்டாக்குவது இந்தப் பூஞ்சை. வேர் வழியாக நுழைந்து, நீர் ஏற்றும் குழாய்களுக்குள் போய்த் தங்கி அவற்றை அடைத்துவிடும். மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடும். வாடிய செடியின் தண்டை அடிப்பகுதியில் நெடுக்காகப் பிளந்து பார்த்தால், உள்ளே பழுப்பு அல்லது கருப்புக் கோடு ஓடியிருக்கும். செடி இல்லாவிட்டாலும் இதன் தடித்த சுவர் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரே பயறை ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப விதைப்பது ஆபத்து என்று சொல்வது இதனால்தான்.

செடியும் சும்மா இருப்பதில்லை. தாக்கப்பட்ட பட்டாணி பிசாட்டின் என்ற நஞ்சைச் சுரக்கும். நோய் வந்த பிறகே செடி உண்டாக்கும் இவ்வகை நஞ்சுகளில் முதலில் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது இதுதான், 1960இல். ஆனால் பட்டாணியைத் தாக்கும் ஒரு ஃபியூசேரியத்திடம் பிசாட்டினை முறிக்கும் நொதி இருக்கிறது. செடி நஞ்சு செய்கிறது, கிருமி முறிவு செய்கிறது. இந்தப் போட்டி முடிவதேயில்லை. இந்த நஞ்சுகளும் ஃபிளேவனாய்டுகள் உருவாகும் அதே பாதையில்தான் உருவாகின்றன. அழைப்பும் ஆயுதமும் ஒரே பட்டறையில் தயாராகின்றன என்பதை முதலில் படித்தபோது எனக்கு வியப்பு அடங்க நேரமாயிற்று.

நல்ல கூட்டாளிகள் எதிரியைத் தடுக்கவும் உதவுவார்கள். உட்பூசணம் நன்றாகப் பரவிய வேரில் வேரழுகல் கிருமிகளும் நூற்புழுவும் பலநேரம் குறைவாகவே சேதம் செய்கின்றன. இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, வேரின் தற்காப்பும் லேசாக விழிப்பில் இருக்கிறது. டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை மற்றப் பூஞ்சைகளின் மேல் சுற்றிக்கொண்டு அவற்றையே தின்னும். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற பாக்டீரியா, நோய்க்கிருமிக்குக் கிடைக்க வேண்டிய இரும்பைத் தான் பிடித்துக்கொள்ளும். இரண்டும் விதைநேர்த்திக்கு, அதாவது விதைப்பதற்கு முன் விதையில் கலக்க, பயன்படுகின்றன. ஆனால் இவை எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நிலத்தில் இது எப்படித் தெரியும்

பயறு விதைப்பவர்களுக்கு இதிலிருந்து சில விஷயங்கள் நேராகவே வருகின்றன. யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு குறையும். ஆரம்பத்தில் கொஞ்சம் போட்டால் போதும். மணிச்சத்து குறைந்தால் முடிச்சும் தளரும். அதே நேரம் அதை அளவுக்கு மேல் கொட்டினால் செடி உட்பூசணத்தைத் தள்ளி வைத்துவிடும். பூஞ்சைக்கொல்லி கலந்த விதையில் அப்படியே ரைசோபியத்தைக் கலந்தால் சில மருந்துகள் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அதனால் எதனோடு எது சேரும் என்று லேபிளைப் பார்க்காமல் கலக்க வேண்டாம். ரைசோபியம் உயிருள்ள சரக்கு. வெயிலில் வைத்த பாக்கெட்டால் பயனில்லை. நேர்த்தி செய்த விதையை நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும்.

இன்னொன்று, அந்தப் பயறு அந்த மண்ணில் ஏற்கெனவே நன்றாக விளைந்து, பிளந்த முடிச்சுகள் சிவப்பாக இருந்தால், வெளியிலிருந்து ரைசோபியம் போடுவதால் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். மண்ணிலேயே பழகிக் கிடக்கும் ரைசோபியங்கள் புதிதாக வந்ததைப் போட்டியில் முந்திவிடும், அவை நைட்ரஜன் பிடிப்பதில் மட்டமாக இருந்தாலும்கூட. பாக்கெட்டில் வாங்கும் ரைசோபியம் நல்ல பலன் தருவது பெரும்பாலும் அந்தப் பயறே முன்பு விளையாத நிலத்தில்தான்.

பயறு போட்டால் நிலத்தில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், சேரும் என்று பொதுவாகச் சொல்வதையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். உயிரோடு இருக்கும் முடிச்சிலிருந்து மண்ணுக்குக் கசிவது கொஞ்சம்தான். பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதி விதைக்குள் புரதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். சோயாவைப் போல விதையில் புரதம் மிகுந்த பயறை அறுத்து, மிச்சமிருக்கும் தண்டையும் தழையையும் வாரிக்கொண்டு போனால் மண்ணில் மிஞ்சுவது சொற்பம். சில சமயம் கணக்குக் கழித்தலில்கூட முடியும். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுத பசுந்தாள் பயிரில் நிலைமை நேர்மாறு. விதைக்குப் போகவிருந்த நைட்ரஜன் அப்போது இலையிலும் தண்டிலும்தான் இருக்கும். அது மண்ணில் மட்கி, அடுத்து வரும் பயிரின் வேருக்குப் போய்ச் சேரும்.